பேசும் இலைகள்

வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில் செரோக்கி எனப்படும் பூர்வகுடி மக்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். மக்காச்சோளம் பயிரிட்டும் வேட்டையாடியும் வாழ்ந்த அவர்களுக்கு வளமான மொழி இருந்தது. ஆனால், அந்த மொழிக்கு எழுத்து இல்லை. முன்னோரின் கதைகளும் மூலிகை மருத்துவ முறைகளும் சடங்குப் பாடல்களும் வாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டன. அம்மக்களுக்கு எழுத்தை ஆக்கித் தந்தவர் செக்குவோயா. அதற்கு முன்னர் அவருக்கு எந்த மொழியிலும் எழுதவோ படிக்கவோ தெரியாது என்பதுதான் வியப்புக்குரிய செய்தி.

செக்குவோயா 1770களில், இன்றைய டென்னசி மாநிலத்தில் உள்ள டஸ்கீகி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தாயார் செரோக்கி இனத்தவர். தந்தை வெள்ளையர் என்று கருதப்படுகிறது. தந்தையின் நிழல் அவர்மீது விழவேயில்லை. தாயார்தான் அவரை வளர்த்தார். அதனால் அவர் செரோக்கி மொழியை மட்டுமே பேசி வளர்ந்தார். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. அவருக்கு ஒரு கால் ஊனம். மற்ற இளைஞர்களைப் போல வேட்டைக்குச் செல்ல இயலாத நிலையில், கைத்தொழிலில் அவருடைய கவனம் சென்றது. வெள்ளி நகைகள் செய்யக் கற்றார். பின்னர் இரும்புப் பட்டறையும் நடத்தினார். படம் வரைவதிலும் அவருக்கு நல்ல கைத்திறன் இருந்தது.

தொழில் நிமித்தமாக வெள்ளையர் பலரோடு அவர் பழகினார். அவர்கள் தாள்களில் எதையோ கிறுக்கி அனுப்புவதையும், தொலைவில் இருப்பவர் அதைப் பார்த்தவுடன் செய்தியை அறிந்துகொள்வதையும் கூர்ந்து கவனித்தார். அத்தாள்களைப் பூர்வகுடி மக்கள் பேசும் இலைகள் என்று அழைத்தார்கள். ஏடு என்ற சொல்லுக்கு இதழ், ஓலை, புத்தகம் என்று பல பொருள் கொள்ளும் தமிழருக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. அந்த இலைகளைப் பேச வைப்பது வெள்ளையருக்கு மட்டுமே வாய்த்த மந்திர வித்தை என்று செரோக்கி மக்களில் பலர் நம்பினர். செக்குவோயா அப்படி நினைக்கவில்லை. அது மனிதர் கண்டுபிடித்த ஓர் உத்தி என்றும், மனிதர் கண்டுபிடித்ததை இன்னொரு மனிதரும் கண்டுபிடிக்கலாம் என்றும் அவர் எண்ணினார். ஏறத்தாழ 1809ஆம் ஆண்டில் அவருடைய முயற்சி தொடங்கியது.

இடையில் போர் வந்தது. 1813, 1814ஆம் ஆண்டுகளில் கிரீக் இனத்தவரின் ஒரு பிரிவினருக்கு எதிராக நடந்த போரில் செரோக்கி வீரர்கள் அமெரிக்கப் படையுடன் சேர்ந்து போரிட்டனர். செக்குவோயாவும் அப்படையில் இருந்தார். வெள்ளைய வீரர்கள் தங்கள் குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதினார்கள். வீட்டிலிருந்து வந்த கடிதங்களைப் படித்து மகிழ்ந்தார்கள். செரோக்கி வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊரில் யார் நலமாக இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்பது ஊர் திரும்பும்வரை அவர்களுக்குத் தெரியாது. போரிலிருந்து திரும்பிய செக்குவோயா முன்னிலும் தீவிரமாகத் தம் பணியில் இறங்கினார்.

முதலில் அவர் தேர்ந்தெடுத்த வழி தவறானது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி என்று வகுத்துக்கொண்டு வரையத் தொடங்கினார். மரம் ஒரு குறி, ஆறு ஒரு குறி, ஓடுதல் ஒரு குறி. மரப்பட்டைகளிலும் பலகைத் துண்டுகளிலும் குறிகள் குவிந்தன. நூறு, ஆயிரம் என்று எண்ணிக்கை பெருகியதே தவிர, மொழியின் சொற்கள் தீர்ந்தபாடில்லை. நேற்று வரைந்த குறி எதைக் குறிக்கும் என்பதை இன்று நினைவுகூர்வதே பெரும்பாடாயிற்று. வயல் வேலையையும் பட்டறையையும் மறந்து அவர் இதிலேயே மூழ்கிக் கிடந்தார். அக்கம்பக்கத்தார் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றனர். சிலர் அவர் பில்லிசூனியம் செய்வதாக அஞ்சினர். பொறுமையிழந்த மனைவி அவர் வரைந்து வைத்திருந்த அனைத்தையும் தீயிலிட்டுவிட்டார் என்று ஒரு கதை செரோக்கி மக்களிடையே வழங்கி வருகிறது. அது நடந்திருந்தால், அந்தத் தீ அவருக்கு நன்மையே செய்திருக்கும். அந்த வழியில் தொடர்ந்திருந்தால் அவர் ஒருபோதும் கரையேறியிருக்க மாட்டார்.

பின்னர் அவர் குறிகளை விட்டுவிட்டு ஒலிகளைக் கவனிக்கலானார். மக்கள் பேசும் இடங்களில் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சொற்கள் எண்ணற்றவை, ஆனால் அவற்றை உண்டாக்கும் ஒலித்துண்டுகள் சிலவே, அவையே மீண்டும் மீண்டும் வருகின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. செரோக்கி மொழியில் பெரும்பாலான அசைகள் உயிரொலியில் முடிபவை. எடுத்துக்காட்டாக, அவர்கள் வணக்கம் கூறப் பயன்படுத்தும் சொல் ஓசியோ. அதில் ஓ, சி, யோ என மூன்று அசைகள் உள்ளன. மூன்று அசைகளுக்கும் மூன்று எழுத்துகள் இருந்தால் போதும், அச்சொல்லை எழுதிவிடலாம். அதே எழுத்துகள் வேறு நூற்றுக்கணக்கான சொற்களுக்கும் பயன்படும். இப்படி ஒலிகளைப் பிரித்துப் பார்த்தபோது ஆயிரக்கணக்கில் தேவைப்பட்ட குறிகள் எண்பத்தாறாகக் குறைந்தன.

எழுத்துகளின் வடிவங்களைத் தேடியபோது அவர் கையில் கிடைத்த ஆங்கில நூல் உதவியது. அதைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால், அதிலுள்ள வடிவங்கள் பிடித்திருந்தன. சிலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார். சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பினார். சிலவற்றுக்குச் சுழியும் கோடும் சேர்த்தார். பலவற்றைத் தாமே புதிதாகப் படைத்தார். ஆகவே, செரோக்கி எழுத்தில் ஆங்கில டி போன்ற வடிவம் அகர ஒலியைக் குறிக்கும். டபிள்யூ போன்றது ‘ல’ என்று ஒலிக்கும். எச் போன்றது ‘மி’ ஆகும். எண் 4 போன்ற வடிவத்தை ‘செ’ என்று படிக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர் இந்த எழுத்தைப் படிக்க முயன்றால் தடுமாறிப் போவார். செக்குவோயா ஆங்கிலத்திலிருந்து வடிவங்களைத்தான் கடன் வாங்கினார். ஒலிகளைத் தம் மக்களின் வாயிலிருந்து எடுத்தார்.

தமிழ் எழுத்தோடு ஒப்பிட்டால் இதன் தன்மை நன்கு விளங்கும். தமிழில் க, கி, கு, கெ ஆகிய எழுத்துகளைப் பார்த்தவுடனே அவை ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். ககரத்தோடு கொம்பும் கொக்கியும் சேர்கின்றன, அவ்வளவுதான். செரோக்கி எழுத்தில் அப்படி இல்லை. அங்கே ‘க’வுக்கும் ‘கி’க்கும் வடிவத்தில் எந்த உறவும் கிடையாது. ஒவ்வோர் அசைக்கும் தனித்தனி முகம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மனனம் செய்யத்தான் வேண்டும். ஆனால், மனனம் செய்து முடித்த அன்றே ஒருவர் தம் மொழியில் எதையும் எழுதலாம், எழுதியதைப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருப்பது போன்ற எழுத்துக்கூட்டும் தொல்லை இல்லை.

1821ஆம் ஆண்டில் எழுத்து முறை முழுமை பெற்றது. அதை முதலில் கற்றுக்கொண்டவர் அவருடைய மகள் அயோக்கா. அப்போது அச்சிறுமிக்கு வயது ஆறு. ஊர் நம்பாததை ஒரு குழந்தை விளையாட்டாகக் கற்றுவிட்டது. ஆனாலும், பெரியவர்கள் ஐயம் தீரவில்லை. தந்தையும் மகளும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள் என்றே பலர் நினைத்தனர். ஆகவே, இனத் தலைவர்கள் ஒரு சோதனை வைத்தனர். இருவரும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தொலைவில் பிரித்து வைக்கப்பட்டனர். தலைவர்கள் சொன்ன செய்தியை ஒருவர் எழுத, அந்தத் தாளை எடுத்துச் சென்று மற்றவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சொன்னது சொன்னபடியே வந்தது. மீண்டும் மீண்டும் மாற்றிச் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் இலை பேசியது. பின்னர் இளைஞர் சிலரைத் தேர்ந்தெடுத்து எழுத்தைக் கற்பிக்கச் சொன்னார்கள். அவர்களும் விரைவிலேயே கற்றுத் தேர்ந்தனர். அதன்பின் எதிர்ப்பு அடங்கிப்போனது.

அடுத்து நடந்தது உலக வரலாற்றில் அரிதாகவே நடந்துள்ளது. பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை, சம்பளம் வாங்கும் ஆசிரியரும் இல்லை. கற்றவர் கல்லாதவருக்குத் திண்ணையிலும் வயலோரத்திலும் சொல்லிக்கொடுத்தனர். ஒரு சில வாரங்களில் ஒருவர் படிக்கக் கற்றுவிட முடிந்தது. சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கானோர் தம் மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாயினர். மேற்கே ஆர்கன்சாப் பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்த உறவினருக்கும் கிழக்கில் தங்கியவர்களுக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் வாழ்ந்தவர்கள் முதன்முறையாகத் தம் சொந்த மொழியில் நலம் விசாரித்துக்கொண்டனர். 1825இல் செரோக்கி தேசம் இந்த எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. செக்குவோயாவுக்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் வழங்கப்பட்டது.

எழுத்து வந்ததும் அச்சு வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. பாஸ்டன் நகரில் செரோக்கி எழுத்துகளுக்கு ஈய அச்சுகள் வார்க்கப்பட்டன. அவை கப்பலிலும் வண்டியிலும் நெடுந்தொலைவு பயணம் செய்து, செரோக்கி தேசத்தின் தலைநகரான நியூ எக்கோட்டாவை வந்தடைந்தன. 1828ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் செரோக்கி பீனிக்ஸ் என்னும் செய்தித்தாளின் முதல் இதழ் வெளிவந்தது. அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் நடத்திய முதல் செய்தித்தாள் அதுவே. அதன் ஆசிரியர் இலையஸ் பூடினோ. செரோக்கியும் ஆங்கிலமும் அதில் கலந்து இடம்பெற்றன. கையால் எழுதியபோது வளைந்தும் நெளிந்தும் ஓடிய செக்குவோயாவின் எழுத்துகள், அச்சுக்காகத் திருத்தமான வடிவம் பெற்றதும் இக்காலத்தில்தான். எண்பத்தாறில் ஓர் எழுத்து நாளடைவில் வழக்கொழிந்து, எண்பத்தைந்தே நிலைத்தன.

ஆனால், எழுத்து வளர்ந்த அதே ஆண்டுகளில் மண் பறிபோய்க்கொண்டிருந்தது. ஜார்ஜியா மாநில அரசும் குடியேறிய வெள்ளையரும் செரோக்கி மக்களின் நிலத்தின்மீது கண் வைத்தனர். 1830இல் பூர்வகுடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்ற வகை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. செரோக்கி பீனிக்ஸ் தன் பக்கங்களில் அதை எதிர்த்து வாதாடியது. 1834இல் பணமின்றி அந்த ஏடு நின்றது. மறு ஆண்டில் அதன் அச்சு இயந்திரத்தை ஜார்ஜியாவின் காவற்படையினர் கைப்பற்றிக்கொண்டு போயினர். 1838இலும் 1839இலும் ஏறத்தாழ 16,000 செரோக்கி மக்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு மேற்கே நடத்திச் செல்லப்பட்டனர். குளிரிலும் பசியிலும் நோயிலும் 4,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அந்த வழித்தடம் இன்றும் கண்ணீர்ப் பாதை என்றே அழைக்கப்படுகிறது.

செக்குவோயா அந்தக் கொடுமை நேருமுன்னரே மேற்கே குடிபெயர்ந்திருந்தார். 1828இல் ஆர்கன்சா செரோக்கி மக்களின் தூதர்களுள் ஒருவராக வாஷிங்டன் சென்றார். அங்கு ஓர் ஓவியர் அவரைப் படமாகத் தீட்டினார். தலைப்பாகை அணிந்து, வாயில் புகைக்குழலோடு, கழுத்தில் பதக்கம் தொங்க, தம் எழுத்துப் பலகையை விரலால் சுட்டியபடி அவர் அமர்ந்திருக்கும் காட்சி அது. மறு ஆண்டு, இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் மரத்தாலான ஒரு குடிசையைக் கட்டிக்கொண்டார். அக்குடிசை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கண்ணீர்ப் பாதையில் வந்து சேர்ந்தவர்களுக்கும் முன்னரே அங்குக் குடியேறியவர்களுக்கும் இடையே பகை மூண்டபோது, இரு தரப்பையும் ஒன்றுசேர்க்க 1839இல் அவர் பாடுபட்டார். பிளவுபட்ட தம் மக்கள் மீண்டும் ஒரே தேசமாக வாழ வேண்டும் என்பது முதுமையில் அவருடைய பெருங்கவலையாக இருந்தது.

அந்தக் கவலையே அவரைக் கடைசிப் பயணத்துக்கு அனுப்பியது. சில செரோக்கி குடும்பங்கள் மெக்சிகோவில் சிதறி வாழ்வதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். 1842இல், வயது எழுபதை நெருங்கிய நிலையில், ஊனக் காலோடு, மகனையும் இன்னும் சிலரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். 1843ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெக்சிகோவின் வடபகுதியில் அவர் உயிர் பிரிந்தது. அச்செய்தி 1845இல்தான், அவரைத் தேடிச் சென்றவர் மூலம் ஊருக்குத் தெரிந்தது. அவருடைய கல்லறை எங்குள்ளது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

அவர் தந்த எழுத்து மேற்கிலும் தொடர்ந்து வாழ்ந்தது. 1844இல் தாலக்குவா நகரில் புதிய செய்தித்தாள் தொடங்கியது. சட்டங்களும் நூல்களும் அச்சாயின. மருத்துவர்கள் தம் மூலிகைக் குறிப்புகளையும் மந்திரங்களையும் அந்த எழுத்திலேயே எழுதி வைத்தனர். பின்னர், ஆங்கிலம் மட்டுமே கற்பித்த உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட காலம் வந்தது. பேசுவோர் குறைந்தனர். எழுத்து தேவாலயப் பாடல் நூல்களிலும் முதியவர்களின் கடிதங்களிலும் ஒடுங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினி புதியதொரு கேள்வியை எழுப்பியது. கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டிருந்தால்தான் அதைச் சேமிக்கவும் அனுப்பவும் தேடவும் முடியும். செரோக்கி எழுத்துகளுக்கு அப்படிப்பட்ட பொது எண்கள் அப்போது இல்லை. ஆதலால், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்தில் செரோக்கி வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களை ஆர்வலர்கள் உருவாக்கிப் பயன்படுத்தினர். அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால், செரோக்கிக் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. பேசும் இலை மீண்டும் ஊமையாயிற்று.

உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் எண் வழங்கும் பொதுத் தரமான யூனிகோடு இதற்குத் தீர்வு தந்தது. தமிழ் அதன் முதல் பதிப்பிலேயே, 1991இல், இடம்பெற்றுவிட்டது. செரோக்கி 1999இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. கனடாவின் பூர்வகுடி மக்கள் பயன்படுத்தும் அசையெழுத்துகளும் அதே பதிப்பில்தான் இடம்பெற்றன. செரோக்கியின் எண்பத்தைந்து எழுத்துகளுக்கும் 5024 முதல் 5108 வரை எண்கள் வழங்கப்பட்டன. ஆங்கில டி எழுத்தின் எண் 68. அதே தோற்றமுடைய செரோக்கி அகரத்தின் எண் 5024. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் கணினி அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. வடிவம் எங்கிருந்து வந்தாலும் எழுத்து எங்களுடையது என்று செக்குவோயா வகுத்த எல்லை, எண்ணாகவும் பதிவாகிவிட்டது.

அவர் ஒலியைப் பகுத்த முறை கணினிக்குள்ளும் அப்படியே பிரதிபலிக்கிறது. தமிழில் ‘கி’ என்று தட்டும்போது ககரத்துக்கு 2965, இகரக் குறிக்கு 3007 என இரண்டு எண்கள் சேமிக்கப்படுகின்றன. செரோக்கியில் அதே ஒலிக்கு 5033 என்ற ஒரே எண் போதும். ஓர் அசைக்கு ஒரு முகம் என்று பட்டறைக்காரர் ஒருவர் வகுத்தது, ஓர் அசைக்கு ஓர் எண் என்று ஆயிற்று.

எண் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. எழுத்துரு வேண்டும், விசைப்பலகை வேண்டும், அவற்றைத் தம் கருவிகளில் சேர்க்க நிறுவனங்கள் இசைய வேண்டும். சரளமாகப் பேசுவோர் இரண்டாயிரம் பேர் அளவிலேயே எஞ்சியுள்ள மொழிக்கு இது எளிதன்று. செரோக்கி தேசத்தின் மொழித்துறையினர் சளைக்காமல் நிறுவனங்களின் கதவைத் தட்டினர். ஆப்பிள் நிறுவனம் 2003இல் தன் கணினிகளிலும், 2010இல் ஐபோனிலும் செரோக்கி எழுத்தைச் சேர்த்தது. 2012இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் இயங்குதளமும் கூகுளின் மின்னஞ்சல் சேவையும் அதை ஏற்றன. தாலக்குவாவில் எல்லாப் பாடங்களையும் செரோக்கி மொழியிலேயே கற்பிக்கும் பள்ளி ஒன்று 2001 முதல் நடைபெற்று வருகிறது. அங்குப் பயிலும் பிள்ளைகள் கைப்பேசியில் தம் தாய்மொழியிலேயே குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினர்.

2015இல் யூனிகோடின் எட்டாம் பதிப்பு வெளிவந்தபோது, செரோக்கி எழுத்துகளின் சிறிய வடிவங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அவற்றோடு, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் வழக்கொழிந்த அந்த எண்பத்தாறாவது எழுத்தும் திரும்பி வந்தது. இன்றைய செரோக்கி மொழியில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆயினும், செக்குவோயா எழுதிய பட்டியலில் அது இருந்தது. அதன் எண் 5109.